உறுதிமொழி போதாது, பாடம் வேண்டும்!

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்களும், ஆலைத் தொழிலாளர்களும், பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் தறி நின்றால் வீட்டில் என்ன குறையும் என்பது எனக்குத் தெரியும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு முடித்து நேரே வந்தவர்கள் இருக்கிறீர்கள். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கமிருந்து வயல் வேலை முடித்து பஸ் பிடித்து வந்த விவசாயத் தொழிலாளித் தோழர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போதை மருந்தைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? இன்று பேச வேண்டியது அதுதான்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ந் தேதி, தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் எழுந்து நின்று, போதைப் பொருளைத் தொட மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக் கொண்டார்கள். சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் அந்த இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு போதை எதிர்ப்பு மன்றங்கள், ஊர்வலங்கள், ஓவியப் போட்டிகள் எல்லாம் நடக்கின்றன. நல்ல காரியம்தான். குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் உறுதிமொழி எடுத்த பிள்ளைகளில் சிலரை நம் தெருவிலேயே நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். போதைப் பொருள் என்றால் என்ன, தம்பி? "கஞ்சா, சாராயம்" என்றான் ஒருவன். "பான் மசாலா" என்றான் இன்னொருவன். சரி, வலி மாத்திரையைச் சில பேர் போதைக்குத் தின்கிறார்களாமே, அது? "அது மருந்துதானே, மாமா!" என்றான் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

தோழர்களே, "மருந்துதானே" என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது ஆபத்து. இன்றைக்கு நம் பிள்ளைகளைத் தேடி வருகிற அபின், உருண்டையாகவும் வரவில்லை, புகையாகவும் வரவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய மாத்திரை அட்டையில் வருகிறது. தமிழ்நாட்டுப் போலீஸ் வழக்குகளில் அடிக்கடி அடிபடுகிற டாபென்டடால் என்ற மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வலி மருந்து. டிராமடால் என்பது இன்னொன்று. அது இந்த வழியில் ஏராளமாகப் போகிறது என்று கண்டு, 2018 ஏப்ரலில் மத்திய சர்க்கார் அதைப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. கையை நீட்டி உறுதிமொழி எடுத்த பையனுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. விற்கிறவனுக்குத் தெரியும். பாடம் யாரிடம் படிப்பான்?

அபின் என்றால் என்ன?

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிப் பக்கத்திலேயே அதன் உறவுக்காரன் இருக்கிறான். பாயசத்துக்கும் குருமாவுக்கும் அரைத்துப் போடுகிற கசகசா, அபின் செடியின் விதை. விதையைத் தின்று யாருக்கும் போதை ஏறுவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அரபு நாட்டுக்கு வேலைக்குப் போகிற தோழர்கள் கசகசாவைப் பையில் வைத்துக் கட்டாதீர்கள். அங்கே பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். சிறைக்கே போக நேரும். அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து கறுத்தால் அபின். அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மார்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். 1898ல் பேயர் என்ற ஜெர்மன் மருந்துக் கம்பெனி, மார்பினை மாற்றிச் செய்த ஒரு சரக்குக்கு ஹெராயின் என்று பெயரிட்டு, இருமல் மருந்தாக விற்றது. ஆம், இருமல் மருந்தாக! டிராமடாலும் டாபென்டடாலும் செடியிலிருந்து வந்தவை அல்ல, தொழிற்சாலையில் செய்தவை. ஆனால் உடம்பில் போய் வேலை செய்கிற இடம் ஒன்றுதான்.

எப்படி வேலை செய்கிறது? நம் மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைத் தணிக்க உடம்பே ஒரு சரக்கைச் சுரக்கிறது. அதற்கென்று பூட்டுகள் உண்டு. அபின் வகை மருந்து அந்தப் பூட்டில் நுழைகிற கள்ளச் சாவி. வலி போகும், சுகமாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து சாவி வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் வேலையைக் குறைத்துக் கொள்கிறது. முதலில் 1 மாத்திரையில் கிடைத்தது, பிறகு 3 போட்டாலும் கிடைக்காது. நிறுத்தினால் மேலெல்லாம் வலி, மூக்கிலும் கண்ணிலும் நீர், பேதி, தூக்கமில்லை. அந்தக் கட்டத்தில் பையன் சுகத்துக்காகப் போடவில்லை. வலி தாங்காமல் போடுகிறான். இதை "கொழுப்பு" என்று சொல்லி அடிக்கிற தகப்பனார்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. மூச்சு விடச் சொல்லிக் கட்டளை போடுகிற இடமும் மூளையில்தான் இருக்கிறது. அங்கேயும் இதே பூட்டு உண்டு. அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சில மாதம் நிறுத்தியவன் பழைய அளவையே மறுபடி போட்டால் உடம்பு அதைத் தாங்காது. சிகிச்சை முடிந்தோ, சிறையிலிருந்து விடுபட்டோ வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் சாகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோமே, பெரும்பாலும் இதுதான் காரணம். மாத்திரை, ஊசி போடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைக் கரைத்து ஏற்றினால் நரம்பு அடைபடும், கை சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும், ஈரலைத் தின்கிற ஹெப்படைடிஸ்-சி வியாதியும் சேர்ந்தே வரும்.

இவ்வளவையும் பத்தாம் வகுப்பு விஞ்ஞான உபாத்தியாயர் ஒரு பீரியடில் சொல்லலாம். சொன்னால் பையன் புரிந்துகொள்வான். "தொட்டால் செத்தாய்" என்று கறுப்பு மண்டையோட்டுப் படத்தைக் காட்டினால் என்ன ஆகும்? அவனுக்குத் தெரிந்த ஒருவன் மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டு தெருவில் நிற்பதை அவன் பார்க்கிறான். பள்ளிக்கூடம் பொய் சொல்கிறது என்று அன்றே முடிவு கட்டுகிறான். அதற்குப் பிறகு உபாத்தியாயர் உண்மையைச் சொன்னாலும் காதில் ஏறாது.

மருந்தை விஷம் என்று சொல்லிக் கொடுப்பதும் தப்பு. நம்மூர்க் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலியில் துடிக்கிறவர்களுக்கு மார்பின்தான் கருணை. அந்த மருந்து நோயாளிக்குக் கிடைப்பதைச் சுலபமாக்கவே 2014ல் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். நாளைக்கு உங்கள் வீட்டுப் பாட்டிக்கு டாக்டர் மார்பின் எழுதிக் கொடுத்தால், "அது போதை, வேண்டாம்" என்று பேரன் பிடுங்கிப் போடக் கூடாது. எப்போது மருந்து, எப்போது கள்ளச் சாவி என்று பிரித்தறிகிற அறிவுதான் படிப்பு.

நம் பங்கையும் சொல்ல வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுதும் உட்கார்ந்தால் இடுப்பும் தோளும் கழன்று போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலி போச்சு. ஆகவே கடையில் "வலிக்கு ரெண்டு கொடுப்பா" என்று வாங்கிப் போட்டுவிட்டு மறுபடி நாடாவைத் தள்ளுகிறோம். நாம் வாங்குவது பெரும்பாலும் சாதாரண வலி மாத்திரை. அபின் வகை அல்ல. ஆனாலும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். வலித்தால் விழுங்கு என்பது அவன் நம்மிடம் படிக்கிற முதல் பாடம். தோழர்களை நான் கண்டிக்கவில்லை. முதுகு வளையாத தறியும், சம்பளத்தோடு ஒரு நாள் லீவும் இருந்தால் யார் மாத்திரை தேடுவார்கள்?

யாருக்கு லாபம்?

இந்தக் கேள்வியைச் சரித்திர வகுப்பில் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலும் காசிப் பக்கத்திலும் விவசாயிகளை அபின் பயிரிட வைத்து, தான் வைத்த விலைக்கு வாங்கி, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் ஆலை வைத்துப் பெட்டி பெட்டியாகக் கட்டியது. அந்தச் சரக்கு சீனாவுக்குக் கள்ளத்தனமாகப் போயிற்று. சீன சர்க்கார் தடுத்து, பெட்டிகளை அழித்தபோது, 1839ல் பிரிட்டன் யுத்தக் கப்பல் அனுப்பியது. ஹாங்காங்கைப் பிடுங்கிக்கொண்டது. 1856ல் இரண்டாவது யுத்தம். இந்தியாவை ஆண்ட வெள்ளைச் சர்க்காருக்கு அபின் வரும்படி, நில வரி போன்ற பெரிய வரும்படிகளோடு சேர்த்து எண்ணத் தக்க ஒன்றாக இருந்தது. 1858ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த வியாபாரத்தைத் தோலுரித்து எழுதினார். 1881ல், இருபது வயது வாலிபராக இருந்த ரவீந்திரநாத தாகூர், சீனாவில் நடக்கும் இந்த மரண வியாபாரத்தைக் கண்டித்து வங்காளியில் கட்டுரை எழுதினார். இருபது வயது! நம் கல்லூரிப் பையன்களின் வயது.

இது சீனர்களுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்தில் ஆலைக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தை அழாமல் இருக்க அபின் கலந்த மருந்தைக் கொடுத்தார்கள் என்று "மூலதனம்" நூலில் மார்க்ஸ் எழுதியிருக்கிறார். ஆலை வட்டாரத்தில் மட்டுமல்ல, விவசாய வட்டாரத்துக் கூலியாட்களிடமும் அபின் பரவியதை அவர் குறித்திருக்கிறார். நம் நாட்டில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அபின் உருண்டை கொடுக்கப்படுகிறது என்று 1920களில் சர்க்கார் நியமித்த பெண் டாக்டரே அறிக்கை எழுதினார். தாய்க்குப் பாசமில்லையா? குழந்தையை வைத்துப் பார்க்க ஆலையில் இடமில்லை. அழுகிற குழந்தையைத் தூங்க வைத்தால்தான் தாய் மிஷினில் நிற்க முடியும். அந்த உருண்டையை வாங்கியவள் தாய். அதனால் பலன் அடைந்தவன் ஆலை முதலாளி.

இப்போது புதிய காலத்துக்கு வருவோம். 1996ல் அமெரிக்காவில் பர்டியூ என்ற மருந்துக் கம்பெனி, ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை மாத்திரையை இறக்கியது. இதற்கு அடிமையாகிற ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. அது பொய் என்று 2007ல் கோர்ட்டில் அந்தக் கம்பெனியே குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட ஏற்றது. 2020ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் வாழ்ந்த ஊர்கள்தான் முதலில் விழுந்தன. உடம்பு நொந்தவர்கள், பிறகு ஆலை மூடி வேலை இழந்தவர்கள். பிறகு ஹெராயின் வந்தது, அதற்கும் பிறகு அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள பெண்டனில் வந்தது. 2021ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்த நாட்டில் போதை மருந்து அளவு மீறிச் செத்தவர்கள் 1 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் முக்கால் பங்கு அபின் வகையால்.

அமெரிக்காவைச் சொல்லி நாம் மேலே நிற்க முடியாது. 2025 பிப்ரவரியில் பி.பி.சி. ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. மும்பைக் கம்பெனி ஒன்று டாபென்டடாலோடு, கரிசோபுரடால் என்ற தசை தளர்த்தும் மருந்தைக் கலந்து மாத்திரை செய்து, கானா, நைஜீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தெருக்களுக்கு அனுப்பி வந்தது. எந்த நாடும் மருந்தாக ஏற்காத கலவை! செய்தி வெளியான பிறகுதான் அந்தக் கலவையை ஏற்றுமதி செய்யும் அனுமதியை மத்திய சர்க்கார் ரத்து செய்தது. அன்று கம்பெனிக்காரன் கப்பலில் நம் அபினைச் சீனாவுக்கு ஏற்றினான். இன்று நம்மூர் முதலாளி ஆப்பிரிக்க ஏழைப் பிள்ளைக்கு ஏற்றுகிறான். இதைப் படித்த மாணவன், தன் கையில் ஒருவன் மாத்திரை அட்டையைத் திணிக்கும்போது, "இவன் யாருடைய ஆள்?" என்று யோசிப்பான்.

மிரட்டினால் நடக்குமா?

1983ல் லாஸ் ஏஞ்சல்ஸில், போலீஸ்காரர்களையே வகுப்புக்கு அனுப்பிப் போதை எதிர்ப்புப் பாடம் நடத்துகிற திட்டம் ஒன்று தொடங்கியது. அமெரிக்கா முழுதும் பரவியது. கோடிக்கணக்கில் செலவு, சட்டை, பேட்ஜ், சான்றிதழ் எல்லாம் உண்டு. பிறகு ஆராய்ச்சிக்காரர்கள், படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் வருஷக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை! ஐக்கிய நாடுகளின் போதைத் தடுப்பு அலுவலகம் 2013ல் வெளியிட்ட நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன: பயமுறுத்தலும், வெறும் தகவல் பிரசங்கமும் பலன் தராது, பயிற்சி பெற்ற ஆசிரியர் பல வாரம் தொடர்ந்து, பிள்ளைகளைப் பேச வைத்து, பழக்கி நடத்தும் பாடமே பலன் தரும். நெசவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோர்வை போடுவதை ஒரு நாள் மைக் வைத்துச் சொன்னால் எவனாவது கற்றுக்கொள்வானா? பக்கத்தில் உட்கார வைத்து, கை பழக வேண்டும். சிநேகிதன் "ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாருடா" என்று சொல்லும்போது, சிநேகிதத்தையும் முறிக்காமல், மாத்திரையையும் வாங்காமல் வருவது எப்படி? அதுவும் கை பழக வேண்டிய வித்தைதான்.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. 2016 டிசம்பர் 14ல் சுப்ரீம் கோர்ட், பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் பற்றித் தேசிய அளவில் கணக்கெடுக்கவும், பள்ளிப் பாடத்திலேயே இதைச் சேர்க்கவும் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் அபின் வகைகளை உபயோகிப்பவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் என்றது. 2020ல் வந்த பள்ளி ஆரோக்கியத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் 2 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, போதைத் தடுப்பையும் சேர்த்துப் பாடம் நடத்த வேண்டும் என்கிறது. காகிதத்தில் குறைவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் அந்த 2 ஆசிரியர்கள் யார்? எத்தனை வகுப்பு நடத்தினார்கள்? கேட்டோமா?

ஊருக்கு ஊர் டாஸ்மாக் கடையில் சர்க்காரே சாராயம் விற்றுக்கொண்டு, பிள்ளையைப் பார்த்து உறுதிமொழி எடு என்கிறதே என்று ஒரு தோழர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி. 2003லிருந்து சில்லறை விற்பனையும் சர்க்கார் கையில்தான். அதற்குத் தனிக் கூட்டம் போடுவோம்.

டி.சி. கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

இனி முக்கியமான விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளி மகன், பதினோராம் வகுப்பு. பையில் மாத்திரை அட்டை இருந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அன்று மாலையே தகப்பனாரைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "மற்ற பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்றார்களாம். தாயார் என் வீட்டு வாசலில் வந்து அழுதார். நான் போய்ப் பேசினேன், பலிக்கவில்லை. பையனுக்குப் பகலெல்லாம் போக்கிடம் எது? மாத்திரை விற்றவன் உட்கார்ந்திருக்கிற அதே திண்ணை! பள்ளிக்கூடம் அவனைத் தள்ளிவிட்டது; விற்கிறவன் வாரி அணைத்துக்கொண்டான். முதலில் வாங்கினவன், பிறகு கையில் காசில்லாமல் அவனுக்கே எடுபிடியாக ஆனான். ஏழெட்டு மாதம் பட்ட பிறகு ஆஸ்பத்திரிச் சிகிச்சையில் தேறி, இப்போது ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். படிப்பு போனது போனதுதான்.

1990களில் இந்த ஊரில் பட்டுத்தறிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோர்வைக்கு மறுபக்கம் நாடா தள்ள ஒரு பிள்ளை. வாங்கின கடனுக்கு அந்தப் பிள்ளை ஈடு. எத்தனை பாடுபட்டு அவர்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தோம்! அந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளையை ஒரே மாலையில் வெளியே தள்ளுவதா?

சட்டம் என்ன சொல்கிறது, கேளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 16வது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கேதான் நாம் நிற்க வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சொந்த உபயோகத்துக்கோ, சிறு அளவோ வைத்திருந்து அகப்பட்டவர், பழக்கத்துக்கு அடிமைப்பட்டு, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், அவர் மீது வழக்கு நடவாது. இந்தப் பிரிவைப் பெற்றோருக்கு யார் சொன்னார்கள்? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 77, 78 பிரிவுகளோ, டாக்டர் உத்தரவில்லாமல் பிள்ளைக்குப் போதை மருந்து கொடுக்கிறவனுக்கும், பிள்ளையை வைத்து விற்கிறவனுக்கும், கடத்துகிறவனுக்கும் 7 வருஷம் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கின்றன. சட்டத்தின் கூர் முனை விற்கிறவனை நோக்கி இருக்கிறது. நாமோ அதைத் திருப்பிப் பிடித்துப் பிள்ளையைக் குத்துகிறோம்.

தாய்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் எழுப்பினாலும் எழாமல் கிடக்கிறான், மூச்சு அபூர்வமாக வருகிறது, குறட்டை போல் இழுக்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்கிறது, கண்மணி கடுகு போல் சுருங்கியிருக்கிறது என்றால், அது தூக்கமல்ல. ஊர் என்ன சொல்லும் என்று கதவைச் சாத்தாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். என்ன மாத்திரை போட்டான் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள். நலோக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தில் கொடுத்தால் அந்தக் கள்ளச் சாவியைப் பூட்டிலிருந்து தள்ளி மூச்சைத் திருப்பித் தரும். பழக்கத்தை விடுவிக்கவும் மருந்து இருக்கிறது, டாக்டர்கள் இருக்கிறார்கள். 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசி வழி கேட்கலாம். கட்டி வைத்து அடிப்பதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும் சிகிச்சை ஆகாது.

என்ன செய்யப் போகிறோம்? அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். அதாவது நீங்கள்! கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டில் இருந்துவிடுகிறோம். இந்த முறை போக வேண்டும். பயிற்சி பெற்ற 2 ஆசிரியர்களின் பெயரைக் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்கக் கேட்க வேண்டும். மாத்திரையோடு அகப்பட்ட பிள்ளைக்கு முதலில் டாக்டர், பிறகுதான் விசாரணை, எக்காரணத்தாலும் டி.சி. கிடையாது என்று குழுவில் தீர்மானம் எழுதி மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பள்ளியைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளுக்கு நாமே நேரில் போய், சீட்டில்லாமல் பிள்ளைகளுக்கு வலி மாத்திரை கொடுக்காதீர்கள் என்று சொல்லலாம். நல்ல கடைக்காரர் பலர், நம்மோடு நிற்பார்கள். மீறுகிறவரை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் எழுதிக் கொடுப்போம்.

தீர்மானத்தின் நகல் மேசைமேல் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு யார் யார் போவது என்று தெருவாரியாகப் பெயர் எழுதப் போகிறோம். எழுதத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் போதும், தோழர் எழுதிக்கொள்வார். ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.